ஆடு கட்டிய கல்

என் கொழுந்தனார் சோரியாங்குப்பத்தில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். மணலும் ஜல்லியும் கொட்டிய வாசலில் ஆடுகளைக் கட்ட இடமில்லாமல் போயிற்று. தீபாவளி முடிந்த வாரம் அவற்றை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு உறுவையாற்றில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். இரண்டு வெள்ளாடு, ஒரு செம்மறி. வெள்ளாட்டில் ஒன்று கறுப்பு, நல்ல உயரம், யாரைப் பார்த்தாலும் எடைபோடுவது போன்ற பார்வை. இன்னொன்று பழுப்பு, எதிலும் பட்டுக்கொள்ளாத சுபாவம். செம்மறி குண்டாக, தொலைந்துபோன சொந்தக்காரரைத் தேடுகிற முகத்தோடு இருந்தது.

“தளம் போடற வரிக்கும் வச்சிக்கோண்ணா. அப்பறம் வந்து இட்டுனு போயிடறேன்” என்றார் கொழுந்தனார்.

என் வீட்டுக்காரர் உடனே சரி என்றார். அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் கழற்றி மாட்டக்கூடிய எல்லாவற்றையும் கழற்றி மாட்டி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று உட்கார்ந்திருந்த நேரம். மிக்ஸி, மோட்டார், கேட்டுத் தாழ்ப்பாள், என் தையல் மெஷின் என்று ஒன்று விடவில்லை. ஆடு அவர் கைக்கு அகப்படாமல் இருந்த ஒரே பொருள்.

எங்கள் இருவருக்கும் ஆடு வளர்த்துப் பழக்கம் கிடையாது. என் அப்பா பஸ் கண்டக்டர். மாமனார் மளிகைக் கடை வைத்திருந்தவர். கொழுந்தனாரே கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வீட்டார் கொடுத்துத்தான் ஆட்டுக்காரர் ஆனவர். “எப்படிங்க கட்டி மேய்ப்பீங்க” என்று நான் கேட்டதற்கு, “இன்னா டி இது, ஒரு கயிறு, ஒரு மொள. அவ்ளோதான்” என்றார் இவர்.

சும்மா அவிழ்த்து விடுகிற ஊர் இல்லை எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் நெல், அதற்கப்பால் கரும்பு. அந்த நேரம் நெல் பால் பிடிக்கிற பருவம். ஒரு ஆடு ஒரு வாய் வைத்துவிட்டால்கூட வயல்காரர் வாசலில் வந்து நின்றுகொண்டு, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத்தான் சண்டையையே ஆரம்பிப்பார். அதனால் கட்டித்தான் மேய்க்க வேண்டும்.

முதல் நாள் கறுப்பு ஆட்டை முருங்கை மரத்தில் கட்டினார். கட்டிவிட்டுக் காபி குடிக்க வந்தார். காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பின்பக்கம் அலறல். போய்ப் பார்த்தால் ஆடு மரத்தையே சுற்றிச் சுற்றி, கயிறு முழுவதையும் மரத்துக்குக் கொடுத்துவிட்டு, மூக்கு மரப்பட்டையில் ஒட்ட நின்றுகொண்டிருந்தது. இவர் அதன் காதைப் பிடித்து எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். ஆட்டுக்கு அது பிடித்துப்போய்விட்டது. வேகமாக நடந்தது. இவரும் வேகமாக நடந்தார். கயிறு முழுக்கப் பிரிந்தது. நிற்கவேண்டிய இடத்தில் ஆடு நிற்கவில்லை. அதே வேகத்தில் சுற்றி, கயிற்றை மறுபடியும் மறுபக்கமாக ஏற்றி, இவரையும் சேர்த்து மரத்தில் கட்டிவிட்டது.

“இங்க கொஞ்சம் வா டி” என்று குரல் வந்தது. அவசரம் இல்லாத குரல். மரத்தோடு கட்டப்பட்டவர் போலவே இல்லை. அவருடைய கௌரவம் அப்படி.

மறுநாள் மரம் வேண்டாம், முளை போதும் என்று முடிவு செய்தார். மூன்று இரும்புக் கம்பிகளை வெட்டி, வாய்க்கால் கரையில் அறைந்து, மூன்றையும் கட்டினார். நீளமான கயிறு, தாராளமாக மேயட்டும் என்று. ஆனால் முளைகள் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். ஏனென்றால் அவர் நிழலில் உட்கார்ந்து ஒரே இடத்திலிருந்து மூன்றையும் பார்க்க வேண்டும்.

மதியம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் கூப்பிட்டார். “ஒனக்குத்தான் ஜட பின்னத் தெரியும், வந்து பாரு.” போய்ப் பார்த்தேன். எங்கள் பெண்ணுக்குப் பள்ளிக்கூட நாட்களில் தினமும் பின்னிவிட்டவள் நான். இருந்தாலும் அவ்வளவு ஒழுங்கான ஜடையை என் கையால் பின்னியதில்லை. மூன்று கயிறும் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி இறங்கி, முளையிலிருந்து கழுத்து வரை இறுக்கமாகப் பின்னிக்கிடந்தது. நுனியில் மூன்று தலைகள் பூங்கொத்து மாதிரி சேர்ந்து நின்றன.

எதிர்வீட்டு அக்கா அப்போது மாதாகோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். கையில் குடை, வாயில் வெற்றிலை. அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர். ஆடு, மாடு, கோழி, வாத்து எல்லாம் வளர்த்துப் பார்த்துவிட்டு இப்போது எங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுத்து உடாதீங்க. அப்பிடியே இருங்க” என்று வாய்க்கால் பாலத்தின் மேலிருந்து சொன்னார். “ஏம்மா, நீ செம்மறியப் புடி. தம்பி, நீ கறுப்பப் புடி. பழுப்பு சும்மா நிக்கட்டும், அது ஒன்னும் பண்ணாது.”

கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் ஓடிவிட்டால் நேரே நெல்லில் இறங்கிவிடும் என்ற பயம். அதனால் ஆட்டையே ஒன்றின் அடியில் ஒன்றாக நுழைத்து எடுத்தோம். பழுப்பு குனியாது. செம்மறி குனிந்தால் நிமிராது. அக்கா பாலத்தின் மேல் நின்று குடையால் வழி காட்டினார். “கறுப்பு உள்ள. செம்மறி வெளிய. அய்ய, அந்தப் பக்கம் இல்ல தம்பி, எந்தப் பக்கம் வந்துச்சோ அந்தப் பக்கம்.” ரோட்டில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள். ஒருவர் மட்டும், “இன்னாத்துக்கு டான்ஸ் கத்துக் குடுக்கறாங்க” என்று கேட்டார்.

பிரித்து முடித்ததும் அக்கா கழுத்து முடிச்சைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“சுருக்கா போட்டு வச்சிருக்க? இழுக்க இழுக்க எறுகும் தம்பி. பயந்துனு குதிச்சிதுனா அதோட கதை முடிஞ்சிடும். பட்டையா இன்னா கீதோ அதப் போடு கழுத்துக்கு. ரெண்டு விரல் உள்ள போவணும், தலை வெளிய வரக் கூடாது.”

“சரிக்கா.”

“ஒன்னுக்கு ஒன்னு எட்டக் கூடாது. இது கயிறும் அது கயிறும் முழுசா நீண்டாலும் மூஞ்சி முட்டக் கூடாது. வாய்க்கா ஓரத்துல, மதில் ஓரத்துல கட்டாத. அந்தப் பக்கம் குதிச்சிட்டுத் தொங்கும்.”

“சரிக்கா.”

“வண்டியில கட்டாத.”

“வண்டியில எவங்க்கா கட்டுவான்?”

அக்கா சற்று நேரம் வெற்றிலையை மென்றார். “நான் ஒரு வாட்டி கட்னேன். டெம்போ ஒன்னு நின்னுனு இருந்துச்சி. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு. எனுக்கு என்னா தெரியும், அந்த டீக்கட டீ அவ்ளோ சீக்கிரம் ஆறும்னு. நல்ல வேளை, நான் கத்தின கத்துல நிறுத்திட்டாரு. ஆடு தப்பிச்சிது. எனுக்குத்தான் ஒரு வாரம் தொண்ட கட்டிக்கிச்சி.”

அன்று சாயந்திரம் வீட்டில் பட்டையான பொருள் என்னென்ன இருக்கிறது என்று தேடல் நடந்தது. கறுப்பு ஆட்டுக்கு இவருடைய வேலைக்குப் போன தோல் பெல்ட். பழுப்புக்கு எங்கள் பையன் பள்ளிக்கூடத்தில் போட்ட பட்டை பெல்ட், பக்கிளில் பள்ளிக்கூடத்து முத்திரையோடு. செம்மறிக்கு என் பழைய கைப்பையின் தோள்வார், தங்கக் கலர் கொக்கியோடு. தோல் பெல்ட்டுக்குப் புதுசாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. மற்றபடி மூன்றும் அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தின. ஆடுகள் நிமிர்ந்து நின்ற விதத்தைப் பார்த்தால் அவற்றுக்கும் திருப்திதான் என்று பட்டது.

இவருக்கு இருந்தது அந்த ஒரு பெல்ட்தான் என்பது ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு உடம்பு இளைத்திருந்தது. பேண்ட் நிற்கவில்லை. ஆட்டிடம் போய்க் கேட்பதா என்று யோசித்தார். கடைசியில் மிச்சமிருந்த ஆட்டுக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வந்தார். மேடையில் ஃபோட்டோவுக்கு நிற்கும்போது கேமராக்காரர், “சார், கைய மேல தூக்கி ஆசீர்வாதம் பண்ற மாதிரி” என்றார். இவர் ஒரு கையை மட்டும்தான் தூக்கினார். இன்னொரு கை எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் தெருவில் ஒருவர் பழுப்பு ஆட்டின் பக்கிளைக் குனிந்து படித்துவிட்டு, “எத்தனாவது படிக்குது?” என்று கேட்டுவிட்டுப் போனார். பழுப்பு அதையும் கண்டுகொள்ளவில்லை.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. வாய்க்கால் கரைப் புல் தீர்ந்துவிட்டது. எங்கள் தெரு முடிகிற இடத்தில், முன்பு கரும்பு இருந்த நிலத்தை மனை போட்டு விற்றிருந்தார்கள். வில்லியனூர் ரோடு பக்கத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான். கல் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வீடு கட்ட யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள், நடுவில் புல் மட்டும் மும்முரமாக வளரும். மனைப் படத்தில் ரோடு என்று காட்டிய இடத்திலும் புல், மனையிலும் புல். எது ரோடு, எது மனை என்று கல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

இவர் ஆடுகளை அங்கே ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அக்கா சொன்னபடி தள்ளித் தள்ளிக் கட்டினார். ஆனால் மார்கழி முழுக்க விட்டுவிட்டுத் தூறல். மண் இளகிக்கிடந்தது. கறுப்பு ஆடு கம்பி முளையைத் தினமும் பிடுங்கியது. பிடுங்கிவிட்டு ஓடாது. முளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கொல்லைக் கதவுக்கு முன்னால் நிற்கும். கதவைத் திறந்தால் நம்மைப் பார்த்து ஒரு கனைப்பு. “இவரு அடிச்ச மொளையப் பாரு” என்று புகார் சொல்வது மாதிரி இருக்கும். ஃபிட்டர் வேலை பார்த்த மனிதருக்கு அது பொறுக்கவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் முளையை விட்டுவிட்டு, கறுப்பு ஆட்டை ஒரு மனையின் மூலைக் கல்லில் கட்டினார். ஒல்லிக் கல்தான், முழங்கை நீளம் இருக்கும். பாதி மண்ணுக்குள். “கருங்கல்லு டி. இத எப்பிடிப் புடுங்குதுனு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு இட்லி சாப்பிட வந்தார். பழுப்பையும் செம்மறியையும் வழக்கம்போலத் தள்ளித் தள்ளி முளையில் கட்டியிருந்தார்.

சாப்பிட்டு, பேப்பர் படித்து, நான் ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்க வாளியோடு கிளம்பும்போது அவரும் கூட வந்தார். மனைப் பக்கம் போனால் ஒரு கார் நிற்கிறது. கார் பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா, வேட்டியில் அவருடைய வீட்டுக்காரர். ஒரு ஐயர் தரையில் பலகை போட்டு உட்கார்ந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முன்னால் செங்கல், கலசம், தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, சாமந்தி மாலை. ஒரு மேஸ்திரி கைகட்டி நின்றார். அவருடைய மொபெட் கொஞ்சம் தள்ளி நின்றது. மொபெட்டின் ஹேண்டில்பாரில் எங்கள் கறுப்பு ஆடு கட்டியிருந்தது.

இவர் முதலில் அதைத்தான் பார்த்தார். நேரே மேஸ்திரியிடம் போய், “வண்டியில கட்டாதீங்க மேஸ்திரி. ஆபத்து” என்றார், அக்காவின் ஆட்டை டெம்போவில் கட்டியதே தான்தான் என்பது மாதிரி.

“உங்க ஆடா? நான்தாண்ணா கட்னேன். காலையில வந்து பாத்தா ஆடு கட்ன கல்லு சாஞ்சி தரையில கெடந்துச்சி. நல்ல நாளும் அதுவுமா கல்லு சாஞ்சி கெடக்கலாமா. அதான் ஆட்ட அவுத்துட்டு, பள்ளம் எடுத்து, கெட்டியா நட்டுட்டேன். இனுமே யானையக் கட்டுனாலும் அசையாது.”

அவர் சொன்னதில் அப்படி ஒரு நிறைவு. நல்ல வேலைக்காரர். அந்தக் கல் உண்மையிலேயே இடி விழுந்தாலும் நகராதபடி நின்றது.

இவர் கல்லைப் பார்த்தார். மனையைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார். பிறகு என் காதுப் பக்கம் குனிந்தார்.

“இன்னா டி, இவங்க ரோட்டுல பூஜை போட்டுனு கீறாங்க.”

“இன்னாங்க சொல்றீங்க?”

“நான் கட்னப்ப கல்லு அங்க இருந்துச்சி. ஆடு இழுத்துனு இங்க வந்துடுச்சி. இங்க சாஞ்சி கெடந்தத அந்த ஆளு இங்கியே நட்டுட்டாரு. ஐயர் உக்காந்து கீறாரே, அது நடு ரோடு.”

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குள் அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். மூலக்குளத்தில் வாடகைக்கு இருக்கிறார்களாம், ரொம்ப நாள் ஆசையாம், இன்றைக்குத்தான் மனை பூஜை. “நீங்க பக்கத்து வூடா? நல்லதாப் போச்சி” என்றார். அவருடைய வீட்டுக்காரர் கையில் டேப் வைத்திருந்தார். ரகசியம் மாதிரி குரலைத் தாழ்த்தி, “சும்மா சொல்லக் கூடாது சார், வித்தவங்க தாராளமான மனசுக்காரங்க. அளந்து பாத்தா பத்திரத்துல இருக்கறத விட கொஞ்சம் கூடவே வருது” என்றார். சந்தோஷத்தில் காது வரை சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நான் இவரைப் பார்த்தேன். இவர் செருப்பைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பூஜை நடக்கிற இடம் என்பதாலா, மன்னிப்புக் கேட்கும் பாவனையா, எதுவோ.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கூடுதல் எங்க ஆடு குடுத்தது.”

அவருக்குப் புரியவில்லை. இவர் முதலிலிருந்து சொன்னார். முளை பிடுங்கியது, கல்லில் கட்டியது, கல் நடந்து வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலேயே ஒரு கண்ணை மட்டும் திருப்பிக் கேட்டார். ரோடு என்ற வார்த்தை வந்ததும் மந்திரம் நின்றது.

“நான் இப்போ எங்க உக்காந்திருக்கேன்?”

“ரோட்டுல, சாமி.”

ஐயர் இரண்டு பக்கமும் பார்த்தார், வண்டி ஏதாவது வருகிறதா என்பது போல.

மனைக்காரருக்குச் சிரிப்பு காதிலிருந்து மெல்ல இறங்கியது. ஆனால் கோபப்படத் தெரியாத முகம். “அப்ப நெஜ மூலை எங்க?” என்றார்.

எல்லோரும் பழைய குழியைத் தேடினோம். குழியைக் காணோம். புல் கணுக்கால் வரை நின்றது. காலால் தடவித் தடவிப் போனோம். அந்த அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேடினார். மேஸ்திரிக்குத்தான் மனசு ஆறவில்லை. தான் கெட்டியாக நட்ட கல்லை ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, “மத்த மூணு கல்லு நகரல இல்ல? நூல் புடிச்சா தெரிஞ்சிடும்” என்று நூல்கண்டை எடுத்தார்.

அந்தப் பக்கக் கல்லிலிருந்து ஒரு நூலை இவர் பிடித்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கக் கல்லிலிருந்து ஒரு நூலை மனைக்காரர் பிடித்துக்கொண்டு வந்தார். மேஸ்திரி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் வாங்க. வலது பக்கம். இன்னும்” என்று சொல்லச் சொல்ல நடந்தார்கள். இரண்டு நூலும் எங்கள் செம்மறியின் முதுகின் மேல் ஒன்றை ஒன்று தொட்டன.

செம்மறி படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. காலையில் கல்லில் கட்டுகிற வேகத்தில் இவர் தூரத்தைச் சரியாக அளக்கவில்லை போல, அதன் முளையிலிருந்து கயிறு எட்டுகிற தூரத்தில் பதமான ஒரு பள்ளம் கிடைத்திருக்கிறது. மண் புதுசாகக் கிளறி, மெத்தென்று. அதில் வயிற்றைப் பொருத்திக்கொண்டு படுத்துவிட்டது. முதுகில் நூல் பட்டதும் நிமிர்ந்து இருவரையும் பார்த்தது. தேடிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள் இவர்கள்தானா என்று யோசிப்பது போலிருந்தது.

“எழுப்புங்க” என்றார் மேஸ்திரி.

செம்மறி எழுந்திருக்கவில்லை. இவர் முன்னால் இழுத்தார், மனைக்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினார். “சார், கைப்பை வாரப் புடிக்காதீங்க, கழுத்து வலிக்கும். தோள் பக்கம் புடிங்க” என்றார் இவர். ஒரு வழியாக எழுந்தது. அடியில் குழி. சுத்தமான, சதுரமான குழி. உள்ளே கொஞ்சம் புழுக்கையும் போட்டு வைத்திருந்தது. ஐயர் எட்டிப் பார்த்துவிட்டு, “எரு நல்லதுதான்” என்றார்.

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. பாதிப் பூஜை ரோட்டில் ஆகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிப்பதா? ஐயருக்குப் பாகூரில் இன்னொரு பூஜை இருந்தது. கொஞ்சம் யோசித்தார். “கலசத்தைக் கையில எடுத்துக்கோங்க. எல்லாரும் நடந்து அங்க போயிடலாம். நான் விட்ட எடத்துலேர்ந்து சொல்லிண்டே வரேன்.”

அப்படியே நடந்தது. முன்னால் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே போனார். பின்னால் மனைக்காரர் கலசத்தோடு. அந்த அம்மா எரிகிற விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு. நான் பலகை. மேஸ்திரி செங்கல். இவர் வெறுங்காலோடு என் தண்ணீர் வாளி. அதை ஏன் எடுத்தார் என்று கேட்டதற்கு, “எல்லாரும் எதாவது எடுத்துனு போனாங்க” என்றார். ரோட்டிலிருந்து மனைக்கு ஒரு சின்ன ஊர்வலம். பழுப்பு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேய ஆரம்பித்தது.

தாம்பாளத்தை யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் எடுத்திருப்பார் என்று நினைத்துவிட்டோம். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. மொபெட் படுத்திருந்தது. கறுப்பு ஆடு அதைக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு தாம்பாளத்துக்கு வந்துவிட்டது. வெற்றிலை போயிருந்தது. மாலையில் பாதி போயிருந்தது. மீதிப் பாதி ஒரு கொம்பில் தொங்க, வாழைப்பழத்தைத் தோலோடு மென்றுகொண்டிருந்தது. கழுத்தில் தோல் பெல்ட், கொம்பில் சாமந்தி. பார்ப்பதற்கு அன்றைக்கு அங்கே வந்தவர்களிலேயே கல்யாணக்களை அதற்குத்தான்.

“அதான் வண்டியில கட்டாதீங்கனு சொன்னேன்” என்றார் இவர் மேஸ்திரியிடம்.

ஐயர் திரும்பிப் பார்க்கவே இல்லை. “வேற வெத்தலை இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நான் ஓடினேன். எங்கள் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் எப்போதும் இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் அக்கா ஒரு கட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டு, “நானே வர்றேன், நீங்க கட்ற லட்சணத்த நான் பாக்க வேணாமா?” என்று குடையோடு கூடவே வந்துவிட்டார். வந்து, பூஜை முடிகிறவரை மரியாதையாகத் தள்ளி நின்றார். கற்பூரம் காட்டி முடித்த அடுத்த நிமிஷமே ஆரம்பித்தார்.

“கல்லுலயா கட்ன தம்பி? கல்லு ஆழத்துக்கா கீது? ஆடு நேரா இழுக்காது, ஒதறி ஒதறி இழுக்கும். எதுவா இருந்தாலும் வந்துடும். மொளைய நேரா அடிக்கக் கூடாது. ஆடு இழுக்கற பக்கத்துக்கு எதிரா சாச்சி அடிக்கணும். முக்காவாசி மண்ணுக்குள்ள போவணும்.”

“நாலு பக்கமும் இழுக்குதேக்கா. எந்தப் பக்கம் சாய்க்கறது?”

அக்கா குடையைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்தார். “அதுக்கு நீதான் ஃபிட்டர்” என்றார்.

மனைக்காரர் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார், சுருட்டி முடித்தும் மறுபடி இழுத்துச் சுருட்டினார். போன கூடுதல் நிலத்துக்கு மனசு ஆறவில்லை போல. அந்த அம்மாதான், “பரவால்ல விடுங்க. வூடு கட்டி முடிச்சப்பறம் தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்போம்? ரோட்டுல பாத்ரூம் வந்திருக்கும்” என்றார். அதைக் கேட்டு மேஸ்திரி சிரித்துவிட்டார், பிறகு மனைக்காரரும். வேலை ஆரம்பிக்கிறவரை ஆடுகள் அங்கே மேயலாம், புல் குறைந்தால் அவர்களுக்கும் நல்லது என்று சொல்லிவிட்டு, “கல்லு பக்கம் மட்டும் வேணாம் சார்” என்று காரில் ஏறினார்கள். மேஸ்திரி தான் நட்ட கல்லைப் பிடுங்க அரை மணி நேரம் கடப்பாரையோடு போராடினார். கறுப்பு ஆட்டை விட்டுப் பிடுங்கச் சொல்லலாமா என்று இவர் கேட்டார். நல்லவேளை, மேஸ்திரி காதில் விழவில்லை.

அன்றிலிருந்து ஒரு வாரம் இவர் கொல்லையில் ஓயாத தட்டல். இடுப்பு உயரக் கம்பி, அடியில் திருகாணி மாதிரி ஒரு சுற்று, தரையில் தட்டாமல் திருகித்தான் இறக்க வேண்டும். எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. தலையில் பழைய சீலிங் ஃபேனிலிருந்து எடுத்த பேரிங்கை வைத்து, அதில் வளையம். ஆடு எந்தப் பக்கம் சுற்றினாலும் வளையமும் கூடவே சுற்றும். கயிறு சுற்றிக்கொள்ளாது, முறுக்கும் ஏறாது. மூன்று செய்தார். தரையோடு தரையாக இறக்கினால் கயிறு தட்டி நிற்காது என்று அதையும் கண்டுபிடித்தார். தினமும் இடம் மாற்றிக் கட்டினார். வெயில் ஏறினால் நிழலுக்கு. கனமான சிமெண்ட் தொட்டியில் தண்ணீர், கயிறு எட்டுகிற இடத்தில், கயிறு சிக்காத இடத்தில். நெல்லுக்கு மருந்து அடிக்கிற நாளில் அந்தப் பக்கம் போகவே மாட்டார். தெருநாய் வரும் என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூடவே உட்கார்ந்தார்.

அக்கா வந்து முளையைக் காலால் உதைத்துப் பார்த்தார். குடைக்காம்பைக் கொடுத்து நெம்பிப் பார்த்தார். “ம்” என்றார். அந்த ஒரு எழுத்தை இவர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் கொழுந்தனார் தளம் போட்டு முடித்தார். குட்டியானையோடு வந்தார். “இன்னாண்ணா, பெல்ட்டுலாம் போட்டு ஆபீஸுக்கா அனுப்பற?” என்றார். பழுப்பு தானாகவே ஏறி மூலையில் நின்றது. செம்மறியைத் தூக்கி ஏற்றினோம். கறுப்பு ஆடு ஏறவில்லை. ஏறவில்லை என்று சொல்வது சரியில்லை. ஏறியது, ஆனால் உள்ளே இல்லை. டிரைவர் உட்காரும் இடத்துக் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு இறங்க மறுத்தது. வாழைப்பழம் காட்டினால் இறங்கும், வண்டிக்குள் விட்டால் மறுபடி கூரை. கொழுந்தனார் அலுத்துப்போய், “இது இங்கியே இருக்கட்டும்ணா” என்று இரண்டை மட்டும் ஓட்டிக்கொண்டு போனார். இவர் முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

நான்காவதோ ஐந்தாவதோ நாள் கொழுந்தனார் ஃபோன் செய்தார்.

“ண்ணா, செம்மறி இன்னா பண்ணுதுனே தெரியல. தனியாக் கட்னா நிக்காம கத்துது. மேய மாட்டேங்குது. பழுப்பப் பக்கத்துல கட்னா அது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. என் பொண்டாட்டி போயி நின்னா மட்டும் மேயுது. அவ இன்னா பண்ணுவா, நாள் பூரா வெயில்ல நின்னுனு? பூச்சு வேலைக்கு ஆளுங்க வந்து சோத்துக்கு நிக்கறாங்க.”

“இட்டுனு வந்து உடு” என்றார் இவர், ஃபோனை வைப்பதற்கு முன்பே செருப்பு மாட்டிக்கொண்டு.

மறுநாள் மத்தியானம் அதே குட்டியானையில் செம்மறி மட்டும் வந்தது. நடுவில் தனியாக நின்றுகொண்டு, இரண்டு பக்கத்துத் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஓட்டுக் கேட்டு வருகிறவர் மாதிரி வந்து இறங்கியது. தோள்வார் தங்கக் கொக்கி வெயிலில் மின்னியது. கறுப்பு ஆடு மேய்வதை நிறுத்தவில்லை. ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது.

இவர் முளையைத் தள்ளித் திருகி இறக்கினார். இரண்டு கயிறும் முழுசாக நீண்டாலும் மூக்கு முட்டாத தூரம், காலடி வைத்து அளந்துதான். செம்மறி தன் கயிறு முடிகிற இடம் வரை வந்து நின்றது. கறுப்பும் மேய்கிற சாக்கில் தன் கயிறு முடிகிற இடம் வரை வந்தது. நடுவில் ஒரு முழம் புல், இரண்டுக்கும் எட்டாத புல். செம்மறி அதைப் பார்த்துக்கொண்டே காலடியில் இருந்ததை மேய ஆரம்பித்தது.

“சாப்ட வாங்க” என்றேன்.

“இரு டி. ரெண்டு வாய் சாப்டட்டும்” என்று நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.